வேலுமணி செய்த சீர்

வேலுமணியை நான் முதலில் பார்த்தது டயாலிசிஸ் நாற்காலியில். சேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் டெக்னீசியனாக நான் சேர்ந்த பத்தாவது நாள். எங்கள் ஊரிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்; பெயர் அட்டையில் அதையும் போடச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "பி.எஸ்சி.ங்களா? அப்ப வலிக்காம ஊசி குத்துவீங்க" என்றார். வலித்திருக்கும். அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அவருக்கு நாற்பத்தொரு வயது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ராஜஸ்தான் வரை போய் போர்வெல் போட்டவர். இப்போது வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம், அதே நாற்காலி. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் மறுநாள் மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும்.

"மொளக்குச்சியில கட்டுன ஆடாட்டம் ஆயிப்போச்சுங்க" என்பார்.

கையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொள்ள, கழுத்தில் குழாய் போட்டோம். அதில் கிருமி சேர்ந்து அடிக்கடி காய்ச்சல். இனி கிட்னி மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவிக்குச் சர்க்கரை. பொருந்தியது தங்கை சண்முகப்பிரியாவின் கிட்னி மட்டும்தான். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் தயார். இவர்தான் மறுத்தார்.

"கூடப் பொறந்தவளுக்குக் குடுக்கறதுதானுங்க முறை. அவகிட்ட எடுக்கறதா?"

எங்கள் பக்கம் அப்படித்தான். தங்கை வீட்டில் காதுகுத்து, புதுவீடு எதுவானாலும் அண்ணன் சீர் கொண்டுபோவான். எதிர்த் திசையில் எதுவும் வராது.

வழி கண்டுபிடித்தவர் பிரியாதான். "அப்ப நீ மொதல்ல சீர் செய்யி. ஒரு பட்டுச்சேலை எடு, ஒரு எருமைக்கன்னு ஓட்டியுடு. அதுக்கப்புறம் உனக்கென்ன வெக்கம்?"

வேலுமணி இரண்டையும் செய்தார். ஆபரேஷனுக்குக் கையெழுத்தும் போட்டார்.

பிறகு மருத்துவமனையின் அனுமதிக் குழு தங்கையைத் தனியாக அழைத்து, கேமரா முன்னால் உட்காரவைத்துக் கேட்டது. கிட்னி கொடுப்பதற்காக ஏதாவது வாங்கினீர்களா? எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. வாங்கியிருந்தால் சட்டப்படி அது விற்பனை.

"வாங்காம இருப்பனுங்களா? பட்டுச்சேலை, எருமைக்கன்னு. வாங்கிட்டுத்தானுங்க ஒத்துக்கிட்டேன்."

அண்ணனின் பெருமையைச் சொல்லிவிட்டதாக நினைத்து வெளியே வந்தார். கோப்பு நிறுத்தி வைக்கப்பட்டது.

விஷயம் தெரிந்து நான் ஓடினேன். "அக்கா, மறுபடி கூப்பிட்டா ஒண்ணும் வாங்கலைன்னு சொல்லிருங்க."

"பொறந்தவன் சீரை வாங்கலைங்கறதா? அண்ணன் போய்ச் சேந்தவ பேசற பேச்சு அது, சாமி. உசுரோட இருக்கறவனுக்கு நா சொல்ல மாட்டேன்."

"அப்ப திருப்பிக் குடுத்துருங்க."

"சீரைத் திருப்புனா ஒறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம். படிச்சவருக்கு இதுகூடத் தெரியாதா?"

தெரியும்.

அந்த வாரங்களில் வேலுமணிக்குக் காய்ச்சல் இரண்டு தடவை வந்தது. நடுங்கிக்கொண்டே, "குடுத்தாலும் தப்பு, குடுக்காட்டியும் தப்பு. நா எந்தப் பக்கமுங்க எந்திரிக்கறது?" என்றார்.

சீர் என்றால் என்னவென்று விளக்கி இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் குழுவிடம் கொடுத்தேன். ஆதாரம் கேட்டார்கள். பிரியா கல்யாண ஆல்பத்தையும் இரண்டு மகள்களின் காதுகுத்து ஆல்பங்களையும் ஒரு கட்டைப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் சீர்த்தட்டோடு வேலுமணி. தலைமுடி மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வந்தது.

மூன்றாவது ஆல்பத்தில் பாதியில் குழுவிலிருந்த ஓர் அம்மா, "போதும், ஆல்பத்த மூடுங்க. எங்கண்ணன் எனக்கு இவ்வளவு செஞ்சதில்ல" என்றார். ஐந்து வாரம் தாமதமாக அனுமதி கிடைத்தது. அறுவை சிகிச்சை நடந்தது.

ஒன்றரை வருடமாகிறது. கிட்னி வேலை செய்கிறது. தூசு ஆகாது என்பதால் டாக்டர் அவரை ரிக் வண்டி ஏற விடவில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறார். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். "மொளக்குச்சி அதேதானுங்க, கயிறு மட்டும் கொஞ்சம் நீளமாயிருக்குது" என்பார்.