எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்ட கை

நான்கைந்து வருடங்களுக்கு முன், குன்னூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் நடந்தது இது. எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி ஒன்றில் எனக்கு ஃபாரம் நிரப்பும் வேலை. நோய் இல்லாதவர்கள் தாமாகவே முன்வந்து ஊசி போட்டுக்கொள்வார்கள். அவர்களுடைய பழக்கவழக்கங்களைக் கேட்டு நான் எழுத வேண்டும்.

சேர்ந்த அன்றே எங்கள் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். ஊசி ஒன்றுதான், ஆனால் ஒருவர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறும், இன்னொருவர் உடம்பில் ஏறவே ஏறாது. வயது, எடை, புகையிலை, குடி, தூக்கம், மனக்கவலை என்று எது எவ்வளவு குறுக்கே வருகிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஃபாரம். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

கேள்வி கேட்ட இடம் பிரட்டுக்களம், அதாவது காலையில் ஆட்கள் பேர் கொடுக்கும் இடம். பக்கத்திலேயே மேஸ்திரி நிற்பார். நான் கோயம்புத்தூரில் கண்டிப்பான வீட்டில் வளர்ந்தவள். நாலு பேர் முன்னால் ஒரு பெண்ணிடம் போய், 'குடிப்பீங்களா, புகையிலை போடுவீங்களா' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவளுக்கு அவமானம் என்று நானே முடிவு கட்டினேன். ஆண்களிடம் கேட்டேன். பெண்களிடம் கேட்காமலே குடி, புகையிலை எல்லாவற்றுக்கும் 'இல்லை'. மூன்று வேளைச் சாப்பாடு, நல்ல தூக்கம் இரண்டுக்கும் 'ஆம்'. மடமடவென்று டிக் அடித்தேன். மரியாதை தெரிந்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்!

அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா இருந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். திருப்பூருக்கு வேலைக்குப் போன அவருடைய தம்பி எய்ட்ஸில் இறந்திருந்தார். "எந்தம்பி மாதிரி இன்னொரு புள்ள சாகக் கூடாதுங்க மேடம். எத்தன ஊசின்னாலும் போடுங்க" என்று முதல் ஆளாக வந்து கை நீட்டினார்.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊசியால் நோய் வராது என்று நாங்கள் எத்தனை தடவை சொல்லியும், தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் கேட்பாரில்லை. அந்த நோய்க்கு ஊசி போடுகிறாள் என்றால் அந்த நோய் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று பேசினார்கள். அவர் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதை அக்கம்பக்கத்தார் நிறுத்தினார்கள். அவர் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களும் வரவில்லை. அப்படியும் அவர் ஒரு ஊசியைக்கூட, பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதைக்கூடத் தவறவிடவில்லை.

எல்லாம் முடிந்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அந்த எஸ்டேட் பெண்கள் பலருக்கு எதிர்ப்புச் சக்தி ஏறவில்லை. அந்த அக்காவுக்கும்தான். காரணம் தேடி டாக்டரம்மா ஃபாரங்களைப் புரட்டினார். "ஏம்மா, இத்தனை பொம்பளைங்களும் அச்சடிச்ச மாதிரி ஒரே வாழ்க்கையா வாழறாங்க?" என்று கேட்டார். கேட்காமலே நிரப்பியதை ஒப்புக்கொண்டேன்.

மறுநாளே எஸ்டேட்டுக்கு ஓடினேன். நசநசவென்று மழை. அந்த அக்கா மடியிலிருந்து புகையிலையை எடுத்து, ஒரு துண்டை வாயில் அடக்கினார். இன்னொரு துண்டை நனைத்து, அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலில் தேய்த்தார். அப்போதுதான் ஃபாரத்தில் இருந்த கேள்விகளைக் கேட்டேன்.

"விடிஞ்சதுலேருந்து இதுதாங்க மேடம், பசி தெரியாதுல்ல. மத்தியானச் சோறு ஒண்ணுதான். குளிருக்கு ரெண்டு மடக்கு பிராந்தியும் உண்டு. தம்பி போனதுலேருந்து தூக்கம் ஏது?" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"ஏனுங்க அக்கா, இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

பக்கத்தில் நின்ற பெண்களும் ஆமாம் என்று தலையசைத்தார்கள். ஒருத்திக்கும் அதில் கூச்சமில்லை. கூச்சமெல்லாம் எனக்குத்தான் இருந்திருக்கிறது.

முடிவு தெரிந்த பிறகு கேட்டு எழுதுவது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பழக்கம் ஊசியைப் பாதிக்கிறது என்று பார்க்கும் ஆய்விலிருந்து அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் நீக்கினார்கள். எனக்குத் தண்டனையா? ஒன்றுமில்லை. ஊட்டி ஆபீஸில் வேறு மேசை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

விஷயத்தை நானே போய் அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். "அப்ப எந்தம்பிக்காகன்னு குடுத்த ரத்தம் எதுக்கும் ஒதவலீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் அவசரமாகப் பஸ் ஏறிவிட்டேன்.

இப்போதும் யாராவது என்னை ரொம்ப மரியாதையானவள் என்று சொன்னால் உடம்பு கூசுகிறது. லயமே ஒதுக்கியும் தளராமல் கை நீட்டிய அந்த அக்காவின் ரத்தத்தை வீணாக்கியது என்னுடைய அந்த மரியாதைதான்.