மச்சான் வீட்டுச் சுவரில் அப்பாவின் பேஸ்போல் படம்

பழைய படங்களைத் துடைத்து, திருத்தி, பெரிதாக்கிக் கொடுக்கிறவன் கைக்குள் ஊரில் உள்ள அத்தனை பேருடைய அப்பாக்களும் வந்துபோவார்கள். சொந்த அப்பா மட்டும் வரமாட்டார். மட்டக்களப்பில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்ததும் வீடு அவளுக்குப் போனது; நான் பெண் எடுத்த வீட்டுக்குப் போனேன். அமெரிக்கப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் பழக்கிய காலத்தில் அப்பா அணியோடு நின்று எடுத்த படமும் சுவரோடு சேர்ந்து தங்கச்சியின் புருசனுக்கு, என் மச்சானுக்கு, போய்விட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் “எங்கட மாமா” என்று அவர் அதைக் காட்டும்போது எனக்கு அடிவயிறு எரியும். உங்களில் அண்ணன்மாருக்கு இது விளங்கும்.

கூட்டுக்குள் முகம்

பெரியகல்லாற்றிலிருந்து ஓர் அக்கா வந்தார். கொண்டுவந்த படத்தில் அவருடைய அப்பாவாம், குந்தியிருக்கிறார், முகத்தில் கம்பிக்கூடு. அதைக் கழற்றிவிட்டு முகத்தைத் தெளிவாக எடுத்துத் தரவேண்டுமாம். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவர் இவர், அடி படாமலிருக்க அந்தக் கூடு, உள்ளே இருக்கும் முகத்தைக் கம்ப்யூட்டராலும் கொண்டுவர முடியாது என்று விளக்கினேன். அப்படியானால் இவர் உங்கள் அப்பாதான் என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டுவைத்தேன். பொறாமையில் கேட்டதுதான். அக்கா கோபிக்கவில்லை.

“முகம் தெரியாட்டி என்ன தம்பி? சோத்துக் கோப்பைக்கு முன்னாலயும் இப்பிடித்தான் குந்துவார். அது எங்கட அப்பாதான்.”

பெரியப்பாவின் கை

வந்தாறுமூலையிலிருந்து வந்தவர் படத்தை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டோடு மடித்து வைத்திருந்தார். மடிப்பைக் கண்டதும் எனக்கு ஆத்திரம். படத்தின் அருமை தெரியாத இவருக்குக் கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை! பெரியப்பா எல்லே விளையாடப் போன இடத்தில் எடுத்த படம் என்றார். வருசப் பிறப்புக்கு ஊரெல்லாம் தடியால் பந்தடிக்கிற அதே எல்லேதான். எல்லேயில் யாரும் கையுறை போடுவதில்லை, பெரியப்பாவின் இடக்கையில் இருப்பது பந்து பிடிக்கிற தோல் கையுறை, இது பேஸ்போல் என்றேன். குனிந்து கனநேரம் பார்த்தார்.

“கையுறையா? பெரியப்பாக்குக் கை வீங்கின நேரம் எடுத்த படமெண்டெல்லவா நாங்க இவ்வளவு நாளும் வெச்சிருந்த!”

ஓரத்தில் நின்றவர்

கடைசியில் அப்பாவின் படமும் வந்தது. கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி ஓர் ஓரம் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். மச்சானே கொண்டுவந்து தந்தார். சிரித்த முகத்தோடு வாங்கினேன். உள்ளுக்குள் ஒரே திட்டம்: புதுப் பிரதியை அவருக்குக் கொடுத்துவிட்டு அசலை நான் வைத்துக்கொள்வது. மகன் நான்தானே?

நடுவில் மட்டையைத் தோளில் சாய்த்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றவர்தான் அப்பா. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா என்றால் நடுவில்தான் நிற்பார் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். மூக்கு, புருவம் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். பூஞ்சணம் பிடித்த ஓரத்தில் முகம் பாதி அழிந்து நின்ற ஒருவரை வெட்டிவிட்டேன். அவர் யார் பெற்ற பிள்ளையோ!

மச்சான் வந்து, புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு போனார். கால் இயலாமல் கிடந்த கடைசிக் காலத்தில் அப்பா படத்தைக் கழற்றித் தரச்சொல்லி மடியில் வைத்து, மச்சானுக்கு ஒவ்வொருவராகக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனவன். நடுவில் நின்றவருக்கும் மச்சான் வேறு யாரோ பெயரைச் சொன்னார். அவருடைய விரல் ஓரத்துக்குப் போய்ச் சட்டத்தில் முட்டி நின்றது.

“எல்லாரும் இரிக்காங்க மச்சான். மாமா எங்க?”

அசலை மச்சானிடமே கொடுத்துவிட்டேன். பொறாமையைத்தான் பெரிதாக்கி நான் வைத்திருக்கிறேன்.