மேகநிழல் குடை நிறுவனம், கறம்பக்குடி

2018ஆம் ஆண்டு ஆடி மாதம். புதுக்கோட்டைத் தெருக்களின் செம்மண்ணைக் காற்று வாரியெடுத்துக் கல்லூரி வகுப்பறைகளுக்குள் கொட்டிக்கொண்டிருந்த நாள்களில்தான் கௌசல்யா செவந்தியை முதன்முதலாகப் பார்த்தாள். பி.காம். முதலாண்டு வகுப்பில் எல்லாரும் மேசைமேல் படபடத்த தாள்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சன்னலோரம் இருந்த ஒருத்தி மட்டும், தன் தாள் பறந்துபோனதை அறியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கௌசல்யா அதைத் தேடியெடுத்துக் கொடுத்தபோது அவள் நன்றி சொல்லவில்லை.

“மேகம் அங்கிட்டுத்தான் போகுது. நம்ம பக்கம் வராது” என்றாள், நெடுநாள் பழகியவளைப் போல.

அவள்தான் செவந்தி. கறம்பக்குடிக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவள். அவளுடைய தந்தை தங்கமுத்து தென்னந்தோப்பு வைத்திருந்தார். கௌசல்யாவோ திருமயம் பக்கத்து வணிகக் குடும்பத்துப் பெண். தந்தை குமரப்பனுக்குத் திருமயத்தில் இரும்புக் கடை. பள்ளியில் எப்போதும் முதலிடம் பெற்றுப் பழகியவள். கல்லூரியிலும் அதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

வணிகக் கடிதம் எழுதக் கற்றுத்தந்த பேராசிரியர் குணசேகரன் பாடத்தைக் கரும்பலகையில் நடத்துவதில்லை. வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்து வந்த பெயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தார். ஒவ்வொருவரும் கற்பனையாக ஒரு நிறுவனம் தொடங்க வேண்டும். இணையர் இருவரும் பருவம் முழுவதும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும். விலை கேட்டு ஒன்று, விலை சொல்லி ஒன்று, சரக்குக் கேட்டு ஒன்று, குறை சொல்லி ஒன்று. புதன்கிழமை வரும் கடிதத்துக்கு அடுத்த புதன்கிழமைக்குள் பதில் கொடுத்தாக வேண்டும்.

“கடிதம்னா பதில். பதில் போடாத கம்பெனிக்கு ஒரு வாரம் பொறுப்பேன். அதுக்கும் மேல போனா மூடிட்டதா அர்த்தம்” என்றார். நிறுவனங்களின் பெயர்களைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தார். மூடிய நிறுவனத்தின் பெயர் அடிக்கப்படும். அதற்குரிய பயிற்சி மதிப்பெண்ணும் போய்விடும். அம்மதிப்பெண் இல்லாதவர் தாளில் தேறுவது அரிது.

கௌசல்யா ‘குமரப்பன் அண்ட் கோ, திருமயம்’ என்று எழுதினாள். செவந்தி நெடுநேரம் யோசித்துவிட்டு, ‘மேகநிழல் குடை நிறுவனம், கறம்பக்குடி’ என்று எழுதினாள். வகுப்பு சிரித்தது.

“கறம்பக்குடியில எவன் கொடை வாங்குவான்? அங்கிட்டெல்லாம் மழையே வழி கேட்டுக்கிட்டுத்தான் வரும்!” என்று பின்வரிசையிலிருந்து அரவிந்த்குமார் கத்தினான்.

“வழி கேட்டு வாரப்ப, பதில் சொல்றவங்க நனையாம நிக்கணும்ல?” என்றாள் செவந்தி, திரும்பிப் பாராமலே.

கௌசல்யா முறைப்படி விலைப்பட்டியல் கேட்டு எழுதினாள். வந்த பதிலில் நாள், பொருள், பார்வை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் உள்ளே இப்படி எழுதியிருந்தது: ‘எங்களிடம் மூவகைக் குடைகள் உள்ளன. தூறலுக்கு ஒன்று, பெருமழைக்கு ஒன்று, மழையை எதிர்பார்த்துக் காத்திருப்போருக்கு ஒன்று. மூன்றாம் வகையே இப்பகுதியில் மிகுதியாக விற்பனையாகிறது.’

மதிப்பெண் போய்விடுமே என்று கௌசல்யாவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலோடு மூன்றாம் வகையில் இரண்டு பெட்டி கேட்டாள். பிறகு, அவற்றுள் சில விரியவில்லை என்று குறை தெரிவித்தாள். பதில் வந்தது: ‘எங்கள் குடைகள் மழையைக் கண்டால் மட்டுமே விரியும் இயல்புடையவை. தங்கள் ஊரில் மழை பெய்ததா என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. தெரிவித்தால், எங்கள் பணியாளர் திரு. ரெங்கசாமி நேரில் வந்து பார்வையிடுவார்.’

பேராசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். ஒரு பிழையும் காட்ட முடியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்மா, இந்த ரெங்கசாமிக்கு என்ன சம்பளம் குடுக்குறீங்க?”

“மழை பெஞ்சா குடுப்போம் சார்.”

அன்று வகுப்போடு சேர்ந்து கௌசல்யாவும் சிரித்தாள். அன்று மாலை திருமயம் பேருந்தில் கண்ணை மூடியபோது, அந்தக் குடைக் கிடங்கு அவளுக்குத் தெரிந்தது. ஓடு வேய்ந்த நீண்ட கொட்டகை. உத்தரத்தில் வௌவால்களைப் போலத் தலைகீழாகத் தொங்கும் கறுப்புக் குடைகள். அவற்றின் நடுவே, வானொலியில் வானிலை அறிக்கைக்காகக் காத்திருக்கும் ரெங்கசாமி. நமணசமுத்திரம் தாண்டும்வரை அவள் அந்தக் கொட்டகைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். அடுத்த கடிதத்தின் இறுதியில், ‘திரு. ரெங்கசாமி அவர்களின் உடல்நலம் எவ்வாறுள்ளது?’ என்று கேட்டாள். வணிகக் கடிதத்தில் அது கூடாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே கேட்டாள்.

அவர்கள் இருவரும் நேரில் பேசிக்கொண்டது குறைவுதான். வீட்டைப் பற்றிச் செவந்தி ஒரே ஒருமுறைதான் சொன்னாள், பேருந்து நிலையத்தில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டபோது.

“ஒரு பேப்பர்ல போனாலும் படிப்பு போதும்னு அப்பா சொல்லிட்டாரு. திருப்பூர்ல சித்தப்பா மில்லுல எடம் சொல்லி வச்சிருக்காரு. கம்பெனிய நல்லபடியா நடத்தணும், என்ன?”

ஐப்பசியின் கடைசி நாளில் கஜா புயல் வந்தது.

அதற்கு முந்தைய புதன்கிழமை செவந்தியின் கடிதம் வந்திருந்தது: விரியாத குடைகளுக்கு மாற்றாகப் புதிய குடைகள் அனுப்பப்பட்டுள்ளன, பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்கவும். பதில் எழுத வேண்டியது கௌசல்யாவின் முறை. கல்லூரி மீண்டும் திறந்த புதன்கிழமையன்று அவள் பதிலை அழகாகப் படியெடுத்துப் பையில் வைத்திருந்தாள். சன்னலோர இருக்கை காலியாக இருந்தது. கறம்பக்குடிச் சாலையில் வசிக்கும் செல்வராணி என்ற வகுப்புத்தோழிதான் செய்தி சொன்னாள். தோப்புகளில் ஒரு தென்னைகூட நிற்கவில்லையாம், வழியெங்கும் மரங்களாம், மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

பேராசிரியர் கடிதங்களை வாங்கிக்கொண்டே வந்தார். கௌசல்யாவின் கை பையின் வாய்வரை போய் நின்றது. இக்கடிதத்தைக் கொடுத்துவிட்டால் முறை செவந்திக்குப் போய்விடும். அவள் வந்து பதில் எழுதாவிட்டால் பலகையில் மேகநிழலின்மேல் கோடு விழும். பிறகு திருப்பூர்தான். கொடுக்காதவரையில் முறை கௌசல்யாவிடமே இருக்கும்.

“பதில் தயாரா இல்லை சார்” என்றாள் எழுந்து நின்று. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அன்று மாலை கடையடைத்து வந்த தந்தை, மகளின் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். அவள் சொன்னாள்.

“கடுதாசி வந்தா அன்னைக்கே பதில் போடணும் ஆத்தா. அதுதான் யாவாரத்துக்கு மரியாதை” என்றார் குமரப்பன்.

“நான் பதில் போட்டா அங்கே கடையை மூடிருவாங்க அப்பச்சி.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “சரக்கு இன்னும் வந்து சேரலைன்னு சொல்லு. பொய்யில்லையே! ரோடெல்லாம் மரம் கெடக்குல்ல?” என்றார்.

அடுத்த புதன்கிழமை கௌசல்யா அதையே சொன்னாள்.

“சரக்கு வரலைன்னா அதை எழுதணும்மா. அதுக்கும் ஒரு கடிதம் இருக்கு” என்றார் பேராசிரியர். அதை எழுதினாலும் முறை செவந்திக்குத்தான் போகும்; அவள் எழுதவில்லை. அவர் சுண்ணக்கட்டியை எடுத்தார், சற்றுத் தயங்கினார், பின்பு ‘குமரப்பன் அண்ட் கோ’வின் மேல் ஒரு கோடு இழுத்தார். கையிலிருந்த சுண்ணத்தூளைத் தட்டிக்கொண்டே, யாரையும் பாராமல், “கறம்பக்குடி பஸ் ஓட ஆரம்பிச்சிருச்சாமே?” என்றார்.

சனிக்கிழமை கௌசல்யா செல்வராணியோடு அந்தப் பேருந்தில் ஏறினாள். ஆலங்குடிக்கு அப்பால் வானம் மிகப் பெரிதாகிவிட்டிருந்தது. மறைப்பதற்கு மரங்கள் இல்லை. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தன, உறங்கும்போது யாரும் கலைத்துவிடக் கூடாது என்பதுபோல. செவந்தியின் வீட்டுக்குக் கூரை இல்லை. சுவர்களின்மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன்கீழே எல்லாமே, செவந்தியின் முகம்கூட, நீலமாக இருந்தது. அவள் வந்தவர்களைப் பார்த்தாள். 

 வீட்டைப் பற்றியோ தோப்பைப் பற்றியோ கேட்கக் கௌசல்யாவால் முடியவில்லை. கடைசியில், “ரெங்கசாமி எப்படி இருக்கார்?” என்று கேட்டாள்.

செவந்தி தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள். “தார்ப்பாய்க்கு வரிசையில நின்னு நின்னு காலு வீங்கிப்போச்சு. ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு. காத்து அடிக்கிற மாதிரியே இருக்காம். எண்ணிக்கிட்டே இருக்காரு, விழுந்த மரத்தையெல்லாம்.”

வாசலில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்த தங்கமுத்துவின் கை நின்றது.

“என் கம்பெனிய மூடிட்டாங்களா?” என்று செவந்தி கேட்டாள்.

“இல்லை. என்னுடையதைத்தான் மூடினாங்க.”

“ஒன்னோடதையா? ஏன்?”

“நான் பதில் கொடுக்கலை. கொடுத்திருந்தா ஒன் முறை வந்திருக்கும்ல?”

செவந்தி அவளையே பார்த்தாள். பிறகு தார்ப்பாய் அதிரச் சிரித்தாள். சிரிப்பினூடேதான் கண்ணீர் வந்தது. தங்கமுத்து எழுந்து வந்து, என்ன கம்பெனி, யார் மூடினார்கள், ரெங்கசாமி எந்த ஊர்க்காரர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செல்வராணி முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார்.

“கொடைக் கம்பெனியா? நம்ம ஊர்லயா?” என்றார். அவர் முகத்தில் என்னவோ இளகிற்று. “என் தோப்பப் படுக்க வச்சிருச்சு. கடன்காரன்கூடக் கொஞ்சம் மிச்சம் வைப்பான், இந்தக் காத்து வைக்கல. ஒன் கொடைக் கடை ஒண்ணுதான் நிக்கிதுங்கிறியே! போத்தா, போயித் தொறந்து வையி.”

திங்கட்கிழமை செவந்தி வகுப்புக்கு வந்தாள். பையிலிருந்த பதிலைக் கௌசல்யா அன்றே கொடுத்தாள். பலகையில் தன் பெயர்மேல் விழுந்த கோட்டை அழிக்குமாறு அவள் கேட்கவில்லை, பேராசிரியரும் அழிக்கவில்லை. அப்பருவத்தில் அந்தத் தாளில் கௌசல்யா மயிரிழையில் தேறினாள்; முதலிடம் வேறொருவருக்குப் போயிற்று. மூடப்பட்ட நிறுவனமும் மூடப்படாத நிறுவனமும் பாடம் முடிந்த பிறகும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தன.

மூன்றாம் ஆண்டில் ஆய்வறிக்கை எழுத வேண்டியிருந்தது. கடைவீதியில் பழைய அறிக்கைகளைப் பெயர் மாற்றி அச்சிட்டுத் தருவார்கள். பலர் அப்படித்தான் செய்தார்கள். செவந்தி ஒரு தலைப்போடு வந்தாள்: ‘கறம்பக்குடி வட்டாரத்தில் குடைப் பயன்பாடு: ஒரு கள ஆய்வு’. இருவரும் சேர்ந்து வினாநிரல் தயாரித்தார்கள். செவந்தி எழுதிய முதல் வினா: ‘மழையில் குடை பிடித்து நடப்பது இன்பமானது என்பதை ஏற்கிறீர்களா?’

“கேள்விக்குள்ளேயே பதிலை வைக்கக் கூடாது” என்று கௌசல்யா அதை அடித்தாள்.

“பாவம், அவங்களுக்கு உதவியா இருக்கட்டுமேன்னுதான்.”

2021ஆம் ஆண்டுத் தை மாதத்தில், வழக்கத்துக்கு மாறாக, விடாமல் மழை பெய்தது. முகக்கவசத்தோடு கறம்பக்குடிச் சந்தையில் ஒவ்வொருவரிடமாக இருவரும் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். கௌசல்யா விரைந்து குறித்துக்கொள்வாள். செவந்தியோ ஒவ்வொருவர் அருகிலும் குந்தி, அவர்கள் பேசி முடிக்கும்வரை எழமாட்டாள். கருவாடு விற்ற செபமாலை என்ற மூதாட்டி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் மடக்கி வைத்திருந்த குடையைக் காட்டினாள்.

“அது வெயிலுக்கு, தாயி. மழைக்கு எதுக்குக் கொடை? எம்புட்டு நாள் கழிச்சு வருது, மேல படட்டுமே.”

முடிவுகளைத் தொகுத்தபோது ஏறக்குறைய எல்லாரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். செவந்தி அட்டவணையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நிறுவனத்தின் அடிப்படையே தவறென்று ஆய்வு மெய்ப்பித்துவிட்டது. ஓர் எண்ணைக்கூட அவள் மாற்றச் சொல்லவில்லை. அன்று மாலை கௌசல்யாவுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘ஆய்வின் முடிவைப் பணிவுடன் ஏற்று, எங்கள் குடைகள் இனி வெயிலிலும் விரியும் என்பதை வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

பட்டம் பெற்றபின் செவந்தி திருப்பூருக்குத்தான் போனாள். ஆனால் மில்லுக்கு அல்ல, ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்துக்கு. வெளிநாட்டு வணிகர்களுக்குக் கடிதம் எழுதும் வேலை. தங்கமுத்து புதிய தென்னங்கன்றுகள் நட்டார். கௌசல்யா திருக்கோகர்ணத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் சேர்ந்தாள்.

கடைசியாக அவர்கள் சந்தித்தது 2024 ஆடியில், புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில். அதே காற்று, அதே செம்மண். செவந்தி ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். திருச்சிப் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து, கையை வெளியே நீட்டி, மடித்த ஒரு தாளைத் தந்தாள். கௌசல்யா அங்கேயே பிரித்துப் படித்தாள். நாள், பொருள், பார்வை எல்லாம் முறையாக இருந்தன. ‘தங்கள் பகுதியில் மழை பெய்ததா? பெய்ததெனில், எங்கள் குடைகள் விரிந்தனவா? அன்புகூர்ந்து தெரிவிக்கவும்.’

“போன உடனே பதில் அனுப்புறேன்” என்றாள் கௌசல்யா.

“வேணாம், கௌசி.” ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார், செவந்தி குரலை உயர்த்தினாள். “ஆபீசுல எந்த மெயில் வந்தாலும் சாயங்காலத்துக்குள்ள பதில் போட்டுறணும். போட்டா அந்த ஆளுக்கும் நமக்கும் சோலி முடிஞ்சிருது. இதுக்கு மட்டும் பதில் போட்டுறாத. முறை ஒன்கிட்டயே இருக்கட்டும்.”