பார்க்காத படத்துக்கு வந்த எச்சரிக்கை

அந்தச் செய்தி என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை முற்பகல், வளைகுடாவில் ஃபர்வானியா என்ற பகுதியில் நாங்கள் பகிர்ந்து குடியிருந்த வீட்டில் அன்றைய சமையல் முறை என்னுடையது. ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மேலே அரபு, கீழே ஆங்கிலம். குளிர்சாதன உதிரிபாகக் கிடங்கில் பணிபுரியும் எனக்கு, பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் ஆங்கிலம் தடையின்றி விளங்கும். இதுவோ வேறு வகை ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே அறிந்திருந்தும், அவை ஒன்றுகூடி என்னிடம் என்ன சொல்கின்றன என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் கப்பல் சரக்கு அலுவலகமொன்றில் எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உண்டு. அவரிடம் நீட்டினேன். அவர் நிதானமாக இருமுறை படித்தார்.

"அண்ணை, உங்களைக் கள்ளன் எண்டு எழுதியிருக்கிறாங்கள்."

"யார?"

"உங்களைத்தான். பேர் சரியாத்தான் போட்டிருக்கிறாங்கள். தகப்பன்ர பேரும் கிடக்கு."

இணையக் கம்பெனி அனுப்பிய செய்தி அது என்று பின்னர் அவரே விளக்கினார். என் பெயரில் பதிவாகியுள்ள இணைய இணைப்பின் வழியே, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டிருக்கிறது. எடுக்கப்பட்டது மட்டுமன்றிப் பிறருக்கும் விநியோகிக்கப்பட்டிருக்கிறது. இது முதல் எச்சரிக்கை. மீண்டும் நிகழுமாயின் இணைப்பு துண்டிக்கப்படுவதோடு, விவரம் உரிய அதிகாரிகளுக்கு அனுப்பப்படலாம். இதுவே செய்தியின் சாரம். படத்தின் பெயரும் இருந்தது. அப்படியொரு படத்தை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

'உரிய அதிகாரிகள்' என்ற சொற்றொடரில் என் மனம் சிக்கிக்கொண்டது. அதற்குக் காரணம் உண்டு. நிறுத்தி வைத்திருந்த குடும்ப விசிட் விசாவை அரசாங்கம் மறுபடியும் திறந்திருந்த சமயம் அது. விமானம் என்றாலே பயந்து, நான் வளைகுடாவுக்கு வந்த நாள்முதல் ஒருமுறைகூட இங்கு வர இசையாத என் மனைவி, திடீரென்று ஒருநாள் தொலைபேசியில், "நீங்க அப்படி என்ன எடத்துலதான் இருக்கீங்கன்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்" என்று சொல்லிவிட்டாள். மறுவாரமே விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அப்பாசியாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையையும் சொல்லி வைத்திருந்தேன். விண்ணப்பம் அரசு அலுவலகத்தில் கிடக்கும் அதே வேளையில், விண்ணப்பித்தவன் பெயரில் திருட்டுக் குற்றம் ஒன்று வந்து நிற்கிறது. இரண்டும் ஏதோ ஒரு கணினியில் சந்தித்துக்கொண்டால் என்னாவது?

இணைப்பு என் பெயரில் இருந்ததற்கு என் கணினி அறிவு காரணமன்று. மற்றவர்கள் ஒப்பந்தக் கம்பெனிகளின் ஆட்கள். அவர்களுடைய சம்பளச் சான்றிதழை இணைப்பு விற்ற கடைக்காரன் ஏற்கவில்லை, என்னுடையதை ஏற்றான். "பெரியவரு பேர்லயே இருக்கட்டும்" என்று எல்லோரும் சொன்னபோது, அதை எனக்களித்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். நாளடைவில் எங்கள் சன்னல் வழியே ஒரு கம்பி மாடிக்கு ஏறிற்று. மேல்வீட்டாரும் என் பெயரிலேயே ஊரோடு பேசிக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது படத்தின் பெயரைச் சொல்லி, யாருடையது என்று கேட்டேன். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். மேல்வீட்டிலும் போய்க் கேட்டோம். அங்கு ஒருவர், "அண்ணே, நம்ம பசங்க இங்கிலீசு படம் பாக்குறவய்ங்களா? தமிழ்ப்படமா இருந்தா சொல்லுங்க, மொத்தப் பேரும் கையத் தூக்குறோம்" என்று சிரித்தார். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

அன்று மாலை மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். பின்னாலேயே எங்கள் வீட்டுப் பட்டுக்கோட்டைக்காரர் வந்தார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர், நாற்பதைத் தொடாத வயது, அதிகம் பேசாதவர்.

"அண்ணே, அது நாந்தாண்ணே."

"நீங்களா? என்ன படம் அது?"

"பொம்மப் படம்ணே. ஒட்டகச்சிவிங்கி."

என் குழப்பம் அங்கேதான் உண்மையில் தொடங்கிற்று. பெண்களும் குழந்தைகளும் இல்லாத வீட்டில் பொம்மைப் படம் எதற்கு?

ஊரில் அவருக்கு இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். வெள்ளிக்கிழமை தோறும் தந்தையும் மகளும் சேர்ந்து படம் பார்ப்பதாம். எப்படியென்றால், இவர் இங்கு ஒரு படத்தை இறக்கி அவளுக்கும் அனுப்பிவிடுவார். அவள் தாயின் கைப்பேசியில் வைத்துக்கொள்வாள். "போன்ல ஒன்னு ரெண்டு மூணுன்னு எண்ணி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்குவோம்ணே. அவ சிரிக்கிற எடத்துல நானும் சிரிச்சாத்தான் ஒத்துக்குவா. கொஞ்சம் பிந்திச் சிரிச்சேன்னா, 'அப்பா, நீங்க பாக்கல, ஏமாத்துறீங்க'ம்பா."

"மத்தவங்களுக்கும் குடுத்ததா எழுதியிருக்கே?"

"சத்தியமா எம் பொண்ணுக்கு மட்டுந்தாண்ணே குடுத்தேன்."

இதையும் யாழ்ப்பாணத்து நண்பரே விளக்க வேண்டியதாயிற்று. "அண்ணை, இந்த மாதிரி இறக்கேக்க அது எடுக்கிறது மட்டுமில்ல. வாற துண்டுகளை அப்பிடியே மற்ற ஆக்களுக்கும் குடுத்துக்கொண்டிருக்கும். எடுக்கிறவனுக்கே தெரியாது." ஒருவர் தாம் அறியாமலே, முகம் தெரியாத மனிதர்களுக்கு ஒட்டகச்சிவிங்கியைத் துண்டு துண்டாக வழங்கிக்கொண்டிருந்தார், அந்த வழங்கலுக்கு நான் வள்ளல். நெடுநேரம் யோசித்தும் இதில் குற்றம் எந்த இடத்தில் நடந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

பட்டுக்கோட்டைக்காரர், தாமே அந்த இணையக் கம்பெனிக்குப் போய் ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். நண்பர் தடுத்துவிட்டார். "நீர் போய் நான் எண்டு சொன்னா, உம்மட பேர் அந்த லைன்ல இல்லையே? அப்ப லைனைப் பங்கு போட்டிருக்கினம் எண்டு தெரிய வந்திடும். அது இதைவிடப் பெரிய பிழை. ஒரு வீட்டுக்கெண்டு எடுத்த லைன். மேல்வீட்டுக் கம்பியையும் சேர்த்து வெட்டுவாங்கள். எல்லாரும் வெள்ளிக்கிழமை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"ஒண்டும் செய்யக்கூடாது, அண்ணை. பேசாம இருங்கோ."

பேசாமல் இருக்க என்னால் இயலவில்லை. இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே: எதற்கும் ஒரு கவுண்ட்டர் உண்டு. டோக்கன் எடுத்து, முறை வரும்வரை அமர்ந்திருந்து, நகல்களைக் கொடுத்து, முத்திரை வாங்கினால் எந்தச் சிக்கலும் கலாஸ், தீர்ந்தது. இதற்கும் அப்படியொரு கவுண்ட்டர் இருந்தே தீரும். அங்கு சென்று, என் பெயரில் பாக்கி ஏதுமில்லை என்று ஒரு தாள் வாங்கிவிட்டால் விசாவுக்கு ஊறு வராது என்று நம்பினேன். குற்றத்தை நானே ஏற்பது என்றும் முடிவு செய்தேன். மற்ற எந்தப் பதிலும் மேல்வீட்டுக் கம்பியில் போய் முடிகிறது.

ஆயினும் பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொல்வது எனக்கு உவப்பாயில்லை. ஆகவே மறுநாள் பணி முடிந்து வந்ததும், பட்டுக்கோட்டைக்காரரின் கட்டிலில் அமர்ந்து, அவருடைய கைப்பேசியிலேயே அந்தப் படத்தை முழுதும் பார்த்தேன். கலங்கரை விளக்கத்தில் வேலைக்குச் சேரும் ஓர் ஒட்டகச்சிவிங்கியின் கதை. அதன் கழுத்து படிக்கட்டுக்குள் அடங்குவதில்லை. அது படும் பாட்டைக் கண்டு ஓரிடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"எம் பொண்ணும் இங்கதாண்ணே சிரிச்சா" என்றார் அருகில் இருந்தவர்.

படம் முடிந்தபோதுதான் எனக்கு உறைத்தது: இதுவரை சொல்லவிருந்தது பொய்; இப்போது அது பாதி மெய்யாகிவிட்டது. இதனால் நான் நேர்மையானவனாகிவிட்டேனா, குற்றவாளியாகிவிட்டேனா?

இணையக் கம்பெனியின் கிளைக்குச் சிவில் ஐடி நகல், பாஸ்போர்ட் நகல், சம்பளச் சான்றிதழ், நீலப் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் இட்டு எடுத்துச் சென்றேன். கவுண்ட்டரில் ஒரு மலையாள இளைஞர்.

"எந்தா சாரே? நெட் ஸ்லோவா?"

"நெட்டு நல்லாத்தான் இருக்கு. நான் ஒரு குத்தத்த ஒத்துக்கிட்டுப் போக வந்திருக்கேன்."

அவர் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்துவிட்டார். நான் செய்தியைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது சிஸ்டம் தானா அனுப்புறதா சாரே. ஒருபாடு பேருக்குப் போகும். ஆரும் இவிடெ வர்றதில்ல."

"நான் வந்திருக்கேனே."

"அதுதான் எனக்கு மனசிலாகல."

"என் பேருக்கு எதிர்ல ஏதாவது இருக்கா, பாருங்க."

"ஒரு வார்னிங் காணுது."

"அத எடுத்துட்டு, ஒண்ணுமில்லன்னு ஒரு பேப்பர் குடுங்க தம்பி."

"எடுக்க ஆப்ஷன் இல்ல."

"போட்டது யாரு?"

"சிஸ்டம்."

"சரி, அந்த சிஸ்டத்துக்கு மேனேஜர் யாரு? அவர நான் பாக்குறேன்."

"அங்ஙனெ ஒராள் இல்ல சாரே." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் அடுத்துக் கேட்டார்: "சார்தானே டவுன்லோட் செஞ்சது? வேற ஆரும் உங்க லைன் யூஸ் பண்ணலியே?"

நான் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி. நான்தான் என்றேன். அவர் என் நரையையும் படத்தின் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐயம் கொண்டுவிட்டாரோ என்ற பதற்றத்தில், கேட்காமலே கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். புயல் வரும் கட்டத்தை அடைந்தபோது, பின்னால் டோக்கனோடு நின்ற ஓர் எகிப்தியர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார். இளைஞர் அவரைக் கையமர்த்திவிட்டு, "என் மோள் இது கண்டிட்டுண்டு. நான் பாதியில டூட்டிக்கு வந்துட்டேன். லாஸ்ட்ல என்னாச்சு?" என்று கேட்டார்.

"கூரையப் பிரிச்சிர்றாங்க. கழுத்துல வெளக்கக் கட்டிக்கிட்டு அதுவே வெளிய நிக்குது. கப்பலெல்லாம் வந்து சேந்துருது."

"கொள்ளாம்" என்று தலையசைத்தவர், கணினியில் ஏதோ தட்டினார். "ஞான் நோட் போட்டிட்டுண்டு. கஸ்டமர் நேரில் வந்தார், தானே செய்தது என்று சம்மதித்தார், இனி செய்யமாட்டார். ஓக்கே அல்லே? டென்சன் வேண்டா."

தாள் எதுவும் தரவில்லை. உறையைத் திறக்கவே இல்லை. இருந்தும் நிம்மதியாகத்தான் வெளியே வந்தேன். நடந்ததை வீட்டில் சொன்னபோது யாழ்ப்பாணத்து நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணை! ஆரெண்டு தெரியாம மெஷின் சும்மா அனுப்பின மெசேஜ் அது. நீங்கள் போய், ஓம், நான்தான் கள்ளன் எண்டு பதிஞ்சுபோட்டு வந்திருக்கிறியள்!"

அவர் கூறியதில் பிழை காண என்னால் முடியவில்லை. நேற்றுவரை என் பெயருக்கெதிரே ஓர் ஐயம் மட்டுமே இருந்தது. இன்று வாக்குமூலமே இருக்கிறது. அதையும் எழுதச் சொன்னவன் நான். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பட்டுக்கோட்டைக்காரர் மகளோடு வெறுமனே பேசினார். "சாப்டியா? அம்மா எங்க?" என்பதோடு பேச்சு தீர்ந்துபோயிற்று. வேறு படம் போடச் சொல்ல எனக்கு நாவு எழவில்லை. வேண்டாம் என்று நான் சொன்னதும் இல்லை.

என் மனைவியோ தினமும் கேட்டாள். "இன்னும் வரலையா? ஜாக்கெட்டெல்லாம் தச்சு வாங்கிட்டேன்." எனக்கு ஏற்பட்டிருக்கும் சிக்கலைத் தொலைபேசியில் எப்படி எடுத்துரைப்பது என்று தெரியாமல், "ஒரு படம் பாத்தேன்" என்று ஆரம்பித்தேன்.

"என்ன படம்?"

"ஒட்டகச்சிவிங்கி ஒண்ணு லைட் ஹவுஸ்ல வேலைக்குச் சேருது."

"ஒங்களுக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்கு?"

நல்லாயிருக்கு என்று சொல்லி, ஜாக்கெட்டின் நிறத்தைக் கேட்டேன்.

எங்கள் கம்பெனியில் அரசு அலுவலக வேலைகளைக் கவனிக்கும் மந்தூப் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் கிடங்கின் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மனைவியின் விசா. அவளுடைய புகைப்படம் கருப்பாக அச்சாகியிருந்தது.

"பாய், மேரே நாம் பே குச் நஹி நிக்லா?" என்று கேட்டேன். என் பெயரில் எதுவும் அகப்படவில்லையா என்று.

"மாஃபி", எதுவுமில்லை என்றவர், அப்போதுதான் என்னை உற்றுப் பார்த்தார். "கியோன்? தும்னே க்யா கியா?"

நான் என்ன செய்தேன் என்கிறார். ஒட்டகச்சிவிங்கி நாவின் நுனிவரை வந்துவிட்டது. இவரும் எங்காவது குறித்து வைத்துக்கொண்டால்? ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். வண்டி போய்விட்டது.

நான் மன்னிக்கப்பட்டேனா, எவரும் என்னைக் கவனிக்கவே இல்லையா என்பது இன்றளவும் எனக்கு விளங்காத செய்தி. தாளைப் பிடித்தபடியே, உதிரிபாகப் பெட்டிகளுக்கிடையில் நின்று வீட்டுக்கு அழைத்தேன்.

"விசா வந்துருச்சு."

தாழ்ந்த குரலில், "எப்படியும் கெடைக்காதுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "அப்ப நெசமாவே அந்தப் பிளேன்ல ஏறணுமா?"

"ஏறித்தான் ஆகணும்," என்றேன்.