கடைசி நான்கு அத்தியாயங்கள்

கோடை விடுமுறைக்கு என்ன படிக்கலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் மூன்று சரித்திரப் புத்தகங்களைச் சொல்வேன். நானே தேடிக் கண்டுபிடித்த மாதிரி ஒரு தோரணையும் கூடவே வந்துவிடும். மூன்றும் என் ஓரகத்தியின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தவை. அதை மட்டும் சொல்ல இன்றுவரை மனசு வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அவள் எங்கள் வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தாள். அதற்கு முந்தைய ஏழு வருஷம் அந்த வீட்டில் வாசிக்கிறவள் நான்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரும் கூடத்தில் ராட்டைகளோடு உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய பட்டு நூலைச் சுற்றுவார்கள். அவர்களில் யாருக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாது. அந்த நேரத்தில் மட்டும் நான் நூலைத் தொடாமல், வாரப் பத்திரிகையில் வரும் சரித்திரத் தொடர்கதையை உரக்க வாசிப்பேன். ராஜாவுக்கு ஒரு குரல், ஒற்றனுக்கு ஒரு குரல். தொடர் முடிந்ததும் கத்தரித்து வைத்த பக்கங்களையெல்லாம் கடைத்தெருவில் கொடுத்து பைண்டு செய்துகொள்வேன். எது படிக்கலாம், எது குப்பை என்று நான் சொன்னதுதான் தெருவுக்கே வேதவாக்கு. எனக்கு அந்த வீட்டில் வேறு பெருமை கிடையாது.

அவள் மாகறல் ஊர்க்காரி, வாத்தியார் மகள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். சீர்வரிசையோடு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வந்தது. எல்லாம் நிஜமான சரித்திரம். கல்வெட்டு, செப்பேடு, எந்த ஊரை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்கிற விவரம். இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒரு நாள் பேச்சுவாக்கில் கூரத்துச் செப்பேட்டைப் பற்றிச் சொன்னாள். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கதை வாசிக்கிறவருக்கென்று பல்லவ ராஜா நிலத்தில் ஒரு பங்கே ஒதுக்கியிருக்கிறாராம். மாமியார் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தார். ஏழு வருஷம் தொண்டை வறள வாசித்தவளுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கத் தோன்றியதா இவர்களுக்கு? எனக்கு வயிறு எரிந்தது.

மே மாதம் அவள் பதினைந்து நாள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கே படிக்க என் தொடர்கதைகளில் ஒன்றைக் கேட்டாள். நீங்களே நல்லதாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. இருப்பதிலேயே நல்லதை எடுத்தேன். பின் அட்டையைப் பிரித்து, தையலை அறுத்து, கடைசி நான்கு அத்தியாயங்களை உருவிக்கொண்டேன். அறுந்த நூலை முடிந்து, பசை தடவி அட்டையை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்ததும் முடிவு தெரியாமல் தவித்து, எல்லார் எதிரிலும் என்னிடம்தானே வந்து கேட்க வேண்டும்? அதற்காகத்தான் செய்தேன்.

வந்தாள், கேட்கவில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, நன்றாக இருந்தது என்றாள். மறுநாள் மத்தியானம் மாமியார், அந்தக் கதையை உன் வாயால் ஒரு தடவை சொல்லு, கேட்கலாம் என்றார். நான் வாசித்து எல்லாரும் கேட்ட கதைதான். ஆனாலும் அவள் வாயால் கேட்க ஆசை. என் கையிலும் ஒரு ராட்டையைக் கொடுத்தார்கள். விட்டுப்போன இடத்தில் எப்படியும் மாட்டிக்கொள்வாள் என்று மூன்று நாள் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது. அவள் தடுமாறவே இல்லை. வெற்றி ஊர்வலத்தில் இளவரசனுக்கு மாலை போட வந்த இளவரசி, மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இந்த ஊரிலிருந்து சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொன்னாளாம். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏம்மா, பெரியவ வாசிச்சப்ப கல்யாணத்தோட இல்ல முடிஞ்சுது?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா வாசித்ததுதான் சரி, கடைசிப் பக்கங்களை பைண்டர் விட்டுவிட்டார் போலிருக்கிறது, அதனால் நானாகச் சொன்னேன் என்றாள்.

"இதுவே இருக்கட்டும்மா" என்றார் மாமியார்.

சாயங்காலம் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஒட்டுன அட்டை பஸ்ஸுலயே பிட்டுக்கினு வந்துச்சுக்கா. பைண்டருக்கு நம்ம வூட்டு முடிச்சு எப்பிடித் தெரியும்?"

தறியில் அறுந்த இழையைப் பிணைக்கும் பொடி முடிச்சு அது. நூல் என்று ஒன்று கையில் அகப்பட்டால் எங்கள் விரல் அதைத்தான் போடும். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவளோ உலையில் அரிசியைப் போட்டாள். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. மன்னிக்கத் தெரிந்திருக்கிறதே இவளுக்கு என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் மத்தியானம், இனிமேல் நீயே வாசி என்று மாமியார் அவளிடம் சொல்லிவிட்டார். அக்கா குரல் மாதிரி வராது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான் ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். ஒரு வரிகூடக் காதில் வாங்குவதில்லை என்று வீம்பு. அவள் பெட்டியிலிருந்து ஒரு சரித்திரப் புத்தகத்தை எடுத்து, ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது பக்கம் போவதற்குள், மற்றவர்களுடைய ராட்டைகளெல்லாம் சுற்றிக்கொண்டிருக்க, என்னுடையதுதான் முதலில் நின்றது.