அரண்மனை மாங்காய் மாலை

எங்கள் ஊரில் அரண்மனை என்பது ஓர் ஓட்டு வீடு. ஜமீன் போய்விட்டது, பெயர் போகவில்லை. அங்கே சிவப்புக்கல் பதித்த மாங்காய் மாலை ஒன்று இருந்தது. ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் இரவல் தருவார்கள். கூடவே ஜமீன் வீட்டு நாச்சியாரும் வருவார். வாழ்த்த அல்ல, காவலுக்கு. தாலி ஏறியதும் நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விடுவார்.

அவர் காலத்துக்குப் பிறகு மகன்கள் அதை உருக்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மகளுக்கு ஒன்றும் இல்லை.

போன தை மாதம் அந்த மகள் சுருளிப்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கினார். லோயர் கேம்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தன் பெண்ணின் கல்யாணத்துக்கு அதே மாதிரி மாலை செய்ய வேண்டும், கம்பத்து ஆசாரி படம் கேட்கிறார். அரண்மனையில் பெண்களைப் படம் எடுக்கும் வழக்கமே கிடையாது. அதனால் ஊரில் கல்யாண ஆல்பம் இருக்கும் வீடெல்லாம் ஏறி இறங்கியிருந்தார். எல்லா ஆல்பத்திலும் மணப்பெண் கழுத்தை ரோஜா மாலை மூடியிருந்தது. அதற்கு அடியில்தான் நகை இருக்கிறது என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். சத்தியத்தை வைத்து ஆசாரி என்ன செய்வார்?

“பூமாலை இல்லாம ஒரு போட்டோகூட இல்லையாக்கா?” என்று என் அம்மாவிடம் கேட்டார்.

“இல்லையே தாயி.”

பச்சைப் பொய். பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒன்று இருந்தது. சின்ன வயதில் அதை எடுத்துப் பார்த்து அடி வாங்கியவன் நான். அம்மாவின் கல்யாணத்தில், நாச்சியார் பின்னால் நின்று நகையைக் கழற்றும்போது போட்டோக்காரர் அமுக்கிவிட்ட படம். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருப்பாள்.

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார். அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, “ஏலே, பீரோவத் தொற,” என்றாள்.

படத்தை வாங்கியவர் நகையைப் பார்க்கவே இல்லை. நாச்சியாரின் முகம் படத்தில் விழவில்லை, இரண்டு கைகள் மட்டும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா கை,” என்றார். அவரிடம் தாயின் படம் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சங்கடமாகப் போய்விட்டது.

“எங்கம்மா மேல கோவமாக்கா?”

“சேச்சே, கோவம் என்ன. கழுத்துல நகம் பட்டுறக் கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கழட்டுனாக. அவுக கைதான் நடுங்குச்சு.”

வீட்டில் இத்தனை வருஷமாக நாங்கள் கேட்டது, “வெடுக்குன்னு புடுங்கிட்டுப் போனாக” என்பதுதான்.