முதுகு: தோல் நன்றாக உள்ளது

நர்சிங் படிப்பில் உடம்பைச் சோதிக்க நான்கு வழி சொல்லித் தருவார்கள். முதலில் கண்ணால் பார். அடுத்துத் தொட்டுப் பார். பிறகு விரலால் தட்டிப் பார். கடைசியில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேள். வயிறு என்றால் மட்டும் வரிசை மாறும். தொடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், கை பட்டால் குடலின் சத்தம் மாறிவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இரண்டாம் வருடத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று அப்பா என்னைச் சீண்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாம்பரத்தைத் தாண்டி ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி; பெயர் வேண்டாம். அதை ஒட்டியே எங்கள் பள்ளியும் ஹாஸ்டலும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மின்சார ரயிலில் குரோம்பேட்டை வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

எய்ட்ஸ் என்ற சொல் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. பேப்பரில் படித்துவிட்டு அம்மா ஆரம்பித்தாள். "அந்த மாதிரி பேஷன்ட் பக்கத்துல உன்ன விட்டாங்கன்னா படிப்பே வேணாம், வந்துடு. நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" நான் பெரிய மேதாவி மாதிரிச் சிரித்தேன். "தொட்டா ஒட்டாதும்மா. ரத்தம், சீழ், ஊசி, இதுக்குத்தான் பயப்படணும். காயமில்லாத தோலைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவினா போதும். எல்லா பேஷன்டுக்கும் ஒரே விதிதான்." முந்தின மாதப் பரீட்சையில் இதே பதிலை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன்.

அந்த ஏப்ரலில் ஆளுக்கு ஒரு நோயாளியைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். மூன்று நாள் தலை முதல் கால் வரை சோதித்து எழுத வேண்டும், மூன்றாம் நாள் டியூட்டர் மேடம் எதிரில் செய்து காட்ட வேண்டும். எனக்கு வந்தது பெண்கள் வார்டின் கடைசிப் படுக்கை. அந்தப் படுக்கைக்காரியின் சார்ட்டின் மூலையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தது. வார்டில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். பக்கத்துக் கட்டிலைக்கூட இரண்டடி தள்ளிப் போட்டிருந்தார்கள். என் தோழிகள் "அய்யோ பாவம்டி நீ" என்றார்கள், நோயாளியை அல்ல, என்னை.

கோவிலம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து வந்தவள் அவள். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். வயது இருபத்தேழு என்று சார்ட் சொன்னது. பார்த்தால் ஐம்பது சொல்லலாம், அப்படி எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். லாரி ஓட்டிய புருஷன் போன வருடம் செத்துப்போயிருந்தான். ஒரே பெண் குழந்தை, அக்கா வீட்டில். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் மகளைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நாலு நாள் தொடர்ந்து காய்ச்சல் வராமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் போனபோது அதில் இரண்டு நாள் முடிந்திருந்தது.

"ஜூன்ல இஸ்கோல்ல சேக்கணும் சிஸ்டர், ஒண்ணாங் கிளாஸு" என்றாள். "அதுக்குள்ளாற வூட்டுக்குப் பூடுவேன். இன்னும் ரெண்டு நாளுதான் கீது."

நான் அவளுக்குச் செய்ததைச் சொல்கிறேன். கழுவிப் பவுடர் போட்டு மறுபடி மறுபடி உபயோகிக்கும் தடித்த கையுறை அப்போது. அதில் இரண்டு ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டேன். நாடி பார்க்க மணிக்கட்டில் விரல் வைத்தால் ரப்பரைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. நிமிடத்துக்கு எண்பது என்று எழுதினேன். தெர்மாமீட்டரை அவள் கையில் கொடுத்து அவளையே அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி கேள்வி கேட்டேன், பதிலை எழுதினேன். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்க்க வேண்டும். அதற்குத் தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்ப வேண்டும். செய்யவில்லை. முந்தின நர்ஸ் எழுதியதைப் பார்த்து அப்படியே இறக்கினேன். இங்கிலீஷில்தான் எழுதுவோம். தமிழில் சொன்னால், "முதுகு: தோல் நன்றாக உள்ளது."

அவள் அன்றே சொன்னாள். "முதுகாண்ட கொஞ்சம் எரியுது சிஸ்டர்."

"சிஸ்டர் இன்சார்ஜ்கிட்ட சொல்றேன்கா" என்றேன். சொல்லவில்லை. சொன்னால் "நீயே திருப்பிப் பாரு" என்பார்கள் என்று தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டு முழங்கை வரை டெட்டால் போட்டுத் தேய்த்தேன், தோல் சிவக்கிற வரை.

இரண்டாம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை. அவள் மூன்று விரலை மடக்கிக் காட்டிச் சிரித்தாள். எரிகிறது என்று சொல்லவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தக் கதைதான். எழுதினேன்: தோல் நன்றாக உள்ளது.

ஆனால் நான் கால்மாட்டில் நின்று பேசினேன். அதை மறைக்க வேண்டாம். அவள் மகளைப் பற்றிக் கேட்டேன். மகளுக்கு முன் பல் ஆடுகிறதாம், அக்கா சொன்னாளாம். "அத்த நானே புடுங்கிக் கூரை மேல போடணும்" என்றாள்.

அன்று மாலையே காய்ச்சல் ஏறியது. டாக்டர் வந்தார். சளியா, சிறுநீரில் ஏதாவதா என்று யோசித்தார். "எங்கயாவது புண்ணு இருக்கா?" என்று கேட்டபடி சார்ட்டைப் புரட்டினார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் படித்தார், தலையாட்டினார், நெஞ்சு எக்ஸ்ரேக்கு எழுதிவிட்டுப் போனார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறந்து "சார், நான் பாக்கல" என்று மூன்று வார்த்தை சொல்ல எனக்குத் துப்பில்லை. இன்றைக்கும் அந்த இரண்டடியை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

மூன்றாம் நாள் மேடம் வந்தார். செய்து காட்ட வேண்டிய நான் இரண்டு ஜோடிக் கையுறையோடு தயங்கி நின்றேன். வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டு, வெறும் கையோடு அவள் தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக வைத்து, "திரும்பும்மா, நான் புடிச்சிக்கிறேன்" என்றார். முதலில் நாற்றம் வந்தது. இடுப்புக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். நடுவில் கருத்திருந்தது. ஓரத்தில் சீழ். பெட்ஷீட் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேடம் கையுறை மாட்டிக்கொண்டு சலைன் ஊற்றித் துணியைப் பிரித்தெடுத்தார். டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"பயந்தேன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். பயத்துக்காக உன்னத் திட்டமாட்டேன். பாக்காததைப் பாத்தேன்னு எழுதினியே, அது எப்படிம்மா?"

எழுதியவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. எனக்கு முன்னால் ஒரு வாரமாக ஒவ்வொரு ஷிப்டும் அதே வரியை இறக்கியிருந்தார்கள். அதைச் சொல்லித் தப்பிக்க நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

என் மூன்று நாள் கேஸ் முடிந்த பிறகும் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டினேன். அதற்கு மட்டும் கையுறை. மற்றபடி வெறும் கையால் அவளைத் திருப்பினேன், தலை வாரினேன், முதுகு தேய்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தேன். முதல் தடவை அவள் மணிக்கட்டை வெறும் விரலால் பிடித்தபோது நாடி நூற்றுப் பத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கவேயில்லை. எத்தனை நாளாச்சு என்று அவள் எண்ணுவதையும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் கட்டுப் போடும்போது கேட்டே விட்டேன். "அன்னிக்கு எரியுதுன்னு சொன்னீங்களே, அப்புறம் ஏன்கா சொல்லல?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "நான் எரியுதுன்னு சொன்னதும் உன் மூஞ்சி போன போக்க பாத்தேன் கண்ணு. நீ தொட பயப்படுறன்னு தெரிஞ்சிபோச்சி. இன்னொரு தபா சொன்னா பேஜாராவும், நீ வராம பூட்டா? எங்கிட்ட நின்னு பேசுறதே நீ ஒருத்திதான். அதான் கம்முனு இருந்துட்டேன்."

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுபோனது. அழுதேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஜல்தியா போடு, குளிருது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா வற்றல் குழம்பு வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் வார்டுக்குள் நுழைந்தால் கடைசிக் கட்டில் காலி. விடிந்ததும் போய்விட்டாளாம். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

பின்பக்க அறையில் வைத்திருந்தார்கள். கழுத்து வரை வெள்ளைத் துணி. வாசற்படிக்கு வெளியே அவள் அக்கா நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் தங்கையின் குழந்தையோடு. குழந்தை உள்ளே எட்டி எட்டிப் பார்த்தது. அக்கா என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீதானேம்மா அது? உன்னப் பத்தி நெறைய சொல்லிகினு இருந்தா. நீ நல்லா இருக்கணும்."

அந்தக் கும்பிடு என்னை எரித்தது. தாங்க முடியவில்லை. "அப்படிச் சொல்லாதீங்கக்கா. முதல் மூணு நாள் நான் அவங்களைத் தொடவேயில்ல. பயந்துட்டேன். தொட்டுப் பாத்திருந்தா அந்தப் புண்ணு தெரிஞ்சிருக்கும். வீட்டுக்கு வந்திருப்பாங்க."

திட்டுவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று நின்றேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் உள்ளே கிடந்த தங்கையைப் பார்த்தாள்.

"நீ மூணு நாளு" என்றாள். "நான் ஒண்ணர மாசமா தொடல. கூடப் பொறந்தவ நானு. வூட்ல புள்ளைங்க கீதுன்னு பயம். தெனம் கஞ்சி கொண்டாந்து வாட்ச்மேன் கையில குட்துட்டு, ஜன்னலுக்கு வெளியவே நின்னு பேசிட்டுப் பூடுவேன்."

பிறகு குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள். "சிஸ்டரு, இப்ப தொட்டா ஒண்ணும் ஆவாதில்ல? இந்தப் புள்ள அவ கன்னத்த தொடலாமா?"

எப்போதுமே தொட்டிருக்கலாம் அக்கா, ஒன்றரை மாதமும் தொட்டிருக்கலாம். அதை அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"தொடலாம்" என்று மட்டும் சொன்னேன்.